எழுபத்துநாலு நாள் அக்கா

அந்தச் சலவைக்கடையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும், காலருக்கு உள்ளேயோ இடுப்புப் பட்டிக்கு உள்ளேயோ, அழியாத கறுப்பு மையில் சின்னதாக ஒரு குறி போடுவது அவள் வேலை. ஒரு வீட்டுக்கு வட்டத்துக்குள் புள்ளி. இன்னொரு வீட்டுக்கு இரண்டு கோடும் ஒரு கொக்கியும். இப்படி நானூறு வீட்டுக் குறி அவள் தலைக்குள் இருந்தது. நோட்டு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவள் திறந்து யாரும் பார்த்ததில்லை. இஸ்திரி போடுகிறவர் ஒரு சட்டையைத் தூக்கி, "இது யாருது?" என்றால், காலரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "பல் டாக்டரோடது. மூணாவது பட்டன் மாத்தித் தச்சிருக்கும் பாருங்க" என்பாள். அப்படியே இருக்கும்.

இப்படிப்பட்டவள் வயிற்றில்தான், வாசலில் சொன்னதை அடுக்களைக்குள் போவதற்குள் மறந்துவிடுகிற பிள்ளை பிறந்தது. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். மாடியில் இன்னொரு பிள்ளை இருந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒளிப்பானேன்? மார்க்கம்மா பொறாமைக்காரி. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கண்டதற்கெல்லாம் பொறாமைப்படுகிற ரகம் இல்லை. மாடியில் இருந்த ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, புதுசாக நாலு நகை போட்டுக்கொண்டு இறங்கி வந்தால், "நல்லா இருக்குடி" என்று மனசாரச் சொல்வாள். பிள்ளை விஷயம் ஒன்றில்தான் அவளுக்கு வயிறு பற்றி எரியும். அதற்குக் காரணம் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓரகத்திகள் இருவரும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தார்கள். டாக்டர் குறித்துக்கொடுத்த தேதிப்படி பார்த்தால் மாடிப் பிள்ளை முதலில். பத்து நாள் கழித்துக் கீழ்வீட்டுப் பிள்ளை. மார்க்கம்மாவுக்கு அந்தப் பத்து நாளே அப்போது உறுத்தியது. மூத்த மருமகள் நான், என் பிள்ளை பின்னாலா? வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, நினைத்தாள். நினைத்தது யார் காதில் விழுந்ததோ, இருபத்தெட்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளுக்கு வலி கண்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் குழந்தை வெளியே. ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. நர்ஸ் பார்த்துவிட்டு, "குருவி மாதிரி இருக்கா" என்றாள். அன்றிலிருந்து அவள் குருவி.

பத்தரை வாரம் குருவி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூக்கில் குழாய், காலில் ஒயர், கண்ணுக்குத் துணி. மார்க்கம்மா வெளியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு விரலால் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டிருப்பாள். ஓரகத்தி வாராவாரம் பார்க்க வருவாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வருவாள். "எப்படி இருக்கா அக்கா நம்ம குட்டி?" என்று அவள் கேட்கும்போது மார்க்கம்மாவின் கண் அந்த வயிற்றின் மேலேயே இருக்கும். அவள் பிள்ளை உள்ளே சொகுசாகத் தூங்குகிறது. என் பிள்ளை மூச்சு விடுவதற்கே மிஷினோடு மல்லுக்கட்டுகிறது. அடிப்பாவி, உனக்கு மட்டும் எப்படித் தங்கியது என்று கேட்க வாய் வரை வரும். "பரவாயில்லடி, இருபது கிராம் ஏறியிருக்கா" என்பாள்.

குருவி வீட்டுக்கு வந்த அன்றே மாடிப் பிள்ளையும் பிறந்தது, சொன்ன தேதியில், மணி அடித்ததுபோல. மூன்றரைக் கிலோ. பேரே குண்டு. கணக்குப் பார்த்தால் குருவி குண்டுவைவிட எழுபத்துநாலு நாள் மூத்தவள்.

அதைத்தான் மார்க்கம்மா பிடித்துக்கொண்டாள். மற்ற எல்லாவற்றிலும் மாடி ஜெயித்தது. குண்டு முதலில் குப்புற விழுந்தாள், முதலில் உட்கார்ந்தாள், முதலில் நடந்தாள். குண்டுவுக்குப் பல் முளைத்த சேதி கேட்டு, அன்றிரவு குருவியின் ஈறை விரலால் தடவித் தடவிப் பார்த்து அழ வைத்தாள் மார்க்கம்மா. ஆனால் குண்டு வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் இவள் விடவில்லை. "யாருடி இவ? அக்கா. சொல்லு, அக்கா." குண்டு வாய் தவறிக் "குருவி" என்று கூப்பிட்டால், "பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?" என்று மாடிப்படி வரை குரல் கேட்கும். குருவியிடமும் காலை மாலை அதே பாடம். "நீ யாரு? அக்கா. அவ யாரு? தங்கச்சி." ஓரகத்தி ஒரு தடவை சிரித்துக்கொண்டே, "அக்கா, தேதிப்படி வந்திருந்தா குருவிதானே தங்கச்சி?" என்று கேட்டுவிட்டாள். ஒரு மாதம் அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வந்தது. பிறந்த தேதிப்படி குருவி ஒரு வருஷம் முன்னால் சேரலாம். குண்டு அடுத்த வருஷம்தான். குருவியைப் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த குழந்தை டாக்டரம்மா, "ஒரு வருஷம் பொறுத்துச் சேருங்களேன். இவ வயசைப் பிறக்கவேண்டிய தேதியிலேர்ந்து பார்க்கிறதுதான் நியாயம்" என்றார். பொறுத்தால் இரண்டும் ஒரே வகுப்பில் உட்காரும். அப்புறம் எங்கே அக்கா, எங்கே தங்கச்சி? மார்க்கம்மா அந்த வாரமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

மூன்றாம் வகுப்பு வரை இழுத்துக்கோ பறித்துக்கோ என்று வண்டி ஓடியது. குருவி மக்குப் பிள்ளை இல்லை. கதை படித்துக் காட்டினால் அழவேண்டிய இடத்தில் அழுவாள், யார் பொய் சொல்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடிப்பாள். ஆனால் கூட்டல் கணக்கில் கையில் வைத்த ஒன்று எங்கேயோ போய்விடும். நேற்று வந்த வாய்ப்பாடு இன்று வராது. "மாடிக்குப் போ, கத்தரிக்கோல் வாங்கிக்க, சித்தப்பா வந்தாச்சான்னு கேளு, வரும்போது கொடித்துணி எடுத்துட்டு வா" என்று அனுப்பினால், மாடிப்படியின் நடுவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். தண்ணீர் பாட்டில் அந்த வருஷத்தில் பதினொன்று தொலைந்தது. நானூறு வீட்டுக் குறியை மனப்பாடமாக வைத்திருக்கும் தாய்க்கு இது புரியவே இல்லை. "கவனம் எங்கடி இருக்கு?" என்று கத்துவாள். குருவி தன்னைச் சுற்றித் தேடிப் பார்ப்பாள்.

டாக்டரம்மாவே இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், படங்களைக் காட்டி மறைத்தார். கடைசியில் மார்க்கம்மாவை உட்கார வைத்து, "அறிவுல ஒரு குறையும் இல்லம்மா. ஒரு சின்ன மேசை மாதிரி நினைச்சுக்கங்க. மூணு தட்டு வைக்கலாம். நாலாவது வச்சா முதல் தட்டு கீழ விழுந்துடுது. இவ்வளவு முன்னாடி பிறந்த குழந்தைங்கள்ல சில பேருக்கு இப்படி வரும். உங்க தப்பு எதுவும் இல்ல. ஒரு நேரத்துக்குக் கொஞ்சமா சொல்லுங்க, படம் போட்டுக் காட்டுங்க, அவளுக்கு நேரம் கொடுங்க" என்றார். மார்க்கம்மா காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: அறிவில் குறையில்லை. மாடிக்கும் அதை மட்டும் சொன்னாள்.

வருஷக் கடைசியில் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "மூணாம் வகுப்பையே இன்னொரு வருஷம் படிக்கட்டும். அவளுக்கு நல்லது. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு யார் வருவார்கள்? குண்டு. மார்க்கம்மா படிவத்தைத் தொடவில்லை. தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அந்த எழுபத்துநாலு நாளையும் மாடிக்குத் தாரைவார்ப்பதா? "கொஞ்சம் பொறுங்க டீச்சர். அவ மாறிட்டு வர்றா. ரெண்டு வாரமா ஒரு பொருள் தொலைக்கல" என்றாள். அது உண்மை. டீச்சரும் ஒப்புக்கொண்டார். "சரி, திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து படிக்கட்டில் நின்று, மாடிக்குக் கேட்கிற மாதிரி போனில் தன் தங்கையிடம் பெருமையடித்தாள். "நான்தான் கண்டிச்சு வழிக்குக் கொண்டுவந்தேன். ஒரு சாமான் மறக்கிறதில்ல இப்ப."

ஞாயிற்றுக்கிழமை குருவியின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் துவைக்க எடுத்தாள். முழுக்கைச் சட்டை. கைப்பட்டியை விரித்து அழுக்குத் தேய்க்கப் போனவள் கை நின்றது. உள்பக்கத்தில் கறுப்பு மை. அவள் கடை மை, அழியாத மை. ஆனால் குறி அவளுடையது இல்லை. வரிசையாக மூன்று படம்: ஒரு பாட்டில், ஒரு டப்பா, ஒரு நோட்டு. மூன்றுக்கும் இரண்டிரண்டு கண் இருந்தது.

அடுத்த சட்டையைப் பிரித்தாள். அதிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. யார் கை என்று யோசிக்கவே வேண்டாம். குண்டு எதை வரைந்தாலும் கண் வைப்பாள், குடைக்குக்கூட வைப்பாள். மார்க்கம்மாவின் பையிலிருந்து பேனாவை எடுத்துப் போட்டிருக்கிறாள். ஆக, இந்த இரண்டு வாரமும் பாட்டில் வீடு திரும்பியது தாய் கண்டித்ததால் இல்லை. குருவி மணியடித்ததும் கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள், எடுத்து வைத்திருக்கிறாள், வந்திருக்கிறாள். ஊரார் துணிக்கெல்லாம் குறி போடுகிறவளுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு குறி போடத் தோன்றவில்லை. மாடியில் ஏழு வயசுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

நன்றி சொல்லியிருக்கலாம். அவள் ஈரச் சட்டையோடு மாடிக்கு ஏறி, ஓரகத்தி முகத்துக்கு நேரே உதறினாள்.

"என்னடி இது? என் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உன் பிள்ளையை விட்டுச் சொல்லிக்கொடுக்கிறியா?"

ஓரகத்தி சட்டையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுசுதான் என்பது முகத்திலேயே தெரிந்தது. "எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. குழந்தைங்க விளையாட்டு..."

"விளையாட்டா? உனக்கென்ன, எல்லாம் முழுசா கிடைச்சவ. பத்து மாசமும் கிடைச்சுது. மூணரைக் கிலோவும் கிடைச்சுது. எனக்குன்னு இருக்கிறது அவ மூத்தவங்கிற ஒரு பேருதான். அதையும் பிடுங்கணுமா?"

ஓரகத்தி எப்போதும் பொறுத்துப்போகிறவள். அன்று பொறுக்கவில்லை. "முழுசாவா? என் பொண்ணு பிறந்தன்னிக்கு யார் இருந்தாங்க சொல்லுங்க. குருவி வீட்டுக்கு வர்றான்னு எல்லாரும் அந்த ஆஸ்பத்திரியில நின்னீங்க, என் வீட்டுக்காரர் உட்பட. நான் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில தனியாப் போய்ப் பெத்தேன். வந்து பார்த்தவங்க எல்லாரும், 'குருவி எப்படி இருக்கா'ன்னு என்னையே கேட்டாங்க. குண்டு குண்டுன்னு சிரிச்சீங்களே தவிர, என் பிள்ளையை ஒருத்தர் அக்கறையாத் தூக்கினீங்களா? எனக்கும் எரிஞ்சுது அக்கா. எட்டு வருஷமா எரியுது."

மார்க்கம்மா இதை எதிர்பார்க்கவில்லை. தன்மேல் பொறாமைப்பட உலகத்தில் ஒருத்தி இருப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சட்டையைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். இறங்கியவள் சும்மா இருந்தாளா என்றால், அதுதான் இல்லை.

அந்த மையை அழிக்க முடியாது. அதை அவளே நானூறு வீட்டுக்கும் பீற்றியிருக்கிறாள். எனவே வெள்ளைத் துணியை நீளமாக வெட்டி, குண்டு போட்ட படங்களை மூடி ஒட்டுப்போட்டுத் தைத்தாள். அதன் மேல் தன் கையால் குறி போட்டாள். குழந்தை போட்டது மூன்று. தாய் போட்டால் குறைவாகவா இருக்கும்? பாட்டில், டப்பா, நோட்டு, பென்சில் பெட்டி, குடை, ஸ்வெட்டர், வீட்டுப்பாடத் தாள். ஏழு. ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி. திங்கட்கிழமை காலையில் குருவியின் கையில் பட்டன் போட்டுவிட்டு, "இதைப் பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் எடுத்துட்டு வா. டீச்சர் பார்த்துட்டே இருப்பாங்க" என்றாள். குருவி பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, மறந்துபோய், சரி என்றாள்.

சாயங்காலம் நாலரைக்குக் கடைக்குப் போன் வந்தது. பள்ளிக்கூட வேன் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் ஏறவில்லை. மார்க்கம்மா கையில் இருந்த துணியைக் குறி போடாமலே குவியலில் எறிந்துவிட்டு ஓடினாள். இஸ்திரிக்காரர் அவள் அப்படி எறிந்து அதற்கு முன் பார்த்ததில்லை.

வகுப்பறை காலியாக இருந்தது. கடைசி பெஞ்சில் குருவி உட்கார்ந்திருந்தாள். சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது. எடுத்ததன் படத்தை அழிக்க எச்சிலும் தண்ணீரும் தொட்டுத் தொட்டுப் பட்டியைத் தேய்த்திருக்கிறாள். முன்னால் மேசையில் ஒரு பாட்டில், ஒரு குடை, மறுபடி வேறு யாருடையதோ ஒரு பாட்டில். பக்கத்தில் குண்டு, குருவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு. டீச்சர் கதவோரம் நின்றிருந்தார்.

"எது எடுத்தேன், எது எடுக்கலைன்னு தெரியலம்மா" என்றாள் குருவி. "முதல்லேர்ந்து எடுத்தேன். திரும்ப முதல்லேர்ந்து எடுத்தேன். குண்டு போட்டது எங்கம்மா? அது எனக்குத் தெரியும்."

மார்க்கம்மா குண்டுவிடம் திரும்பி, "நீ ஏன்டி வேன்ல போகல?" என்றாள்.

"அக்கா வரலையே பெரியம்மா." அவள் எட்டிக் குருவியின் பட்டியைப் புரட்டிப் பார்த்தாள். "எத்தனை போட்டீங்க?"

"ஏழு."

"ஐயையோ! மூணுக்கு மேல போடக்கூடாது பெரியம்மா. நாலு போட்டா முதல்ல இருந்தது போயிடும். நான் போட்டுப் பார்த்துட்டேன்."

அந்த டாக்டர் மேசை, தட்டு என்று சொன்னதும் இதேதான். அன்று காதில் ஏறாதது இன்று ஏறியது. மார்க்கம்மா பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, ஒட்டுத்துணியின் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். துணி கழன்றது. அடியில் கண் வைத்த பாட்டில் தெரிந்ததும் குருவி, "ஆ, இது!" என்று எழுந்தாள். போய்த் தன் பாட்டிலை எடுத்தாள், பையில் வைத்தாள். பட்டியைப் பார்த்தாள். டப்பா. பார்த்தாள். நோட்டு. "முடிஞ்சுது" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டீச்சர் உள்ளே வந்தார். மார்க்கம்மாவே, "அந்தத் தாளைக் கொடுங்க டீச்சர்" என்றாள். பையில் கிடைத்தது குறி போடும் பேனாதான். அதிலேயே கையெழுத்துப் போட்டாள். மை அடுத்த தாள் வரை ஊறியது. அந்த நேரம் ஓரகத்தி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் மார்க்கம்மாவுக்குப் பழைய எரிச்சல் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. எட்டு வருஷப் பழக்கம், உடனே போகுமா? அதை அடக்கிக்கொண்டு, குண்டுவைக் கிட்டே இழுத்தாள்.

"இனிமே ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்டி. நீ அவளைப் பேர் சொல்லியே கூப்பிடலாம். நான் திட்டமாட்டேன். தேதிப்படி பார்த்தா..." பேனாவை மூடினாள். "தேதிப்படி பார்த்தா அவ உனக்குப் பத்து நாள் தங்கச்சி."

ஓரகத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குண்டு மட்டும் பதறிப்போய்த் தலையாட்டினாள்.

"வேணாம் பெரியம்மா, மாத்தாதீங்க! அவளுக்கு மறக்காம இருக்கிறது அது ஒண்ணுதான்."

"எது?"

"தான் அக்காங்கிறது."

மார்க்கம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓரகத்தி குருவியின் நனைந்த சட்டைக்கையை மடித்துவிட்டாள். மார்க்கம்மா குண்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், நல்ல கனம். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளையை அவள் தூக்கியதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எழும்போது குறி போடும் பேனாவைக் குண்டுவிடம் நீட்டினாள். கொடுக்கையில் கை கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது. கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு வேற சட்டைடி. அதுலயும் ஒட்டுப் போட்டு வச்சிருக்கேன், பிரிச்சுத் தர்றேன்" என்றாள். "புதுச் சட்டை எடுத்தா நீயே போடு. கண்ணு வைக்க மறந்துடாத."